கம்பளித் திரையில் விழுந்த குண்டுகள்: மலையகத் தோட்டங்களில் உள்ளகக் குறிப்பயிற்சி பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கவ்வாத்துக் கத்தியைப் பற்றியும் கொழுந்துக் கூடையைப் பற்றியும் தராசைப் பற்றியும் பிரட்டுத் தப்பைப் பற்றியும் எழுதியுள்ளனர். இவை தொழிலாளியின் கையிலோ கண்முன்னோ நாள்தோறும் இருந்த பொருள்கள். துரையின் பங்களாவில் மான்கொம்புகளுக்கிடையே தொங்கிய துப்பாக்கியைப் பற்றி விரிவாக எழுதியோர் சிலரே. தொழிலாளர் பாடல்களிலும், நாம் பயின்ற அளவில், துரையின் குதிரையும் சப்பாத்தும் பிரம்பும் வருமளவுக்குத் துப்பாக்கி வருவதில்லை. இதனைக் கொண்டு துப்பாக்கி தோட்ட வாழ்வில் முக்கியமற்றிருந்தது எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதே எமது கருத்து. நாள்தோறும் வெடிக்கும் கருவி பாடலுக்கு வரும். வெடிக்காமலே வேலை செய்யும் கருவி பாடலுக்கு எளிதில் வராது.

இக்கட்டுரையில் நாம் நோக்க விரும்புவது ஒரு சிறு பொருள். வேட்டைத் துப்பாக்கியோ போர்த் துப்பாக்கியோ அன்று. கூரையின் கீழே, சில யார் தூரத்திலே, காகிதத்தில் வரைந்த குறியைச் சுடுவதற்கெனத் திருத்தி அமைக்கப்பட்ட சிறு துப்பாக்கி. விளையாட்டுப் பொருளென ஒதுக்கத்தக்க இதன் பின்னால் தோட்டச் சமூகத்தின் உற்பத்தி உறவுகள் எவ்வாறு நிற்கின்றன என்பதே வினா.

துப்பாக்கியைப் பற்றி ஓர் இலக்கிய மாணவன் எழுதுவது விந்தையெனச் சிலர் கருதக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டலாம். மான்செஸ்டர் நகரிலே பருத்தி வணிக நிறுவனமொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்த பிரெடரிக் எங்கெல்ஸ் 1860-61ஆம் ஆண்டுகளில் லங்காஷயர், செஷயர் தொண்டர்படையினருக்கான சஞ்சிகையொன்றில் றைபிளின் வரலாற்றைத் தொடர் கட்டுரையாக எழுதினார். குழலின் உட்புறத்தில் வெட்டப்படும் சுருட்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நேராக்குவதையும், குண்டு குழலை இறுகப் பற்றவேண்டும் என்ற தேவைக்கும் விரைவாக உட்செலுத்த வேண்டும் என்ற தேவைக்கும் இடையிலிருந்த முரண்பாட்டையும், விரிந்துகொள்ளும் குண்டின் கண்டுபிடிப்பினால் அம்முரண்பாடு தீர்ந்ததையும் அவர் ஒரு கம்மியனின் பொறுமையோடு விளக்குகின்றார். பின்னர் டூரிங்குக்கு எதிராக எழுதியபோது, பலாத்காரமே வரலாற்றின் அடிப்படை என்ற வாதத்தை அவர் மறுத்தார். றொபின்சன் வாளைக் காட்டி வெள்ளியை அடிமையாக்கினான் என்றால் அவ்வாள் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஒரு நாள் காலை வெள்ளி கைத்துப்பாக்கியோடு வந்து நின்றால் உறவு தலைகீழாகுமே என்றும் சுட்டினார். ஆயுதம் வானத்திலிருந்து விழுவதன்று. அது செய்யப்படுகின்றது, திருத்தப்படுகின்றது, பேணப்படுகின்றது. செய்பவன் யார், சுடுபவன் யார் என்ற வினா இங்கிருந்தே தொடங்குகின்றது.

இவ்வினாவுக்கு அதே 1860ஆம் ஆண்டில் வரலாறு ஒரு சித்திரத்தைத் தந்துள்ளது. பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் முதலாவது போட்டி விம்பிள்டன் வெளியில் ஜூலை 2ஆம் திகதி தொடங்கியது. முதற் குண்டைச் சுட்டவர் விக்டோரியா மகாராணி. பொறியியலாளர் ஜோசப் விட்வேர்த் தமது றைபிளை இரும்புத் தாங்கியொன்றில் பொருத்தி, 400 யார் தூரத்திலிருந்த குறிக்கு நேராக முன்கூட்டியே திருத்தி வைத்திருந்தார். மகாராணி செய்ததெல்லாம் விசையிற் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை இழுத்தது மட்டுமே. குண்டு குறியின் நடுவுக்கு மிக அண்மையிற் பட்டது. மகாராணியின் முதற் குண்டு எனப் பாராட்டப்பட்டது அதுவே. திருத்தியவனின் உழைப்பு சுட்டவரின் புகழாக மாறும் இந்த நிகழ்வை நினைவில் இருத்திக்கொள்வோம்.

மலைநாட்டில் துப்பாக்கியின் வருகை தேயிலைக்கு முந்தியது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. சாமுவேல் பேக்கர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்தார். இங்கிலாந்திலிருந்து கால்நடைகளையும் பண்ணையாட்களையும் கொண்டுவந்து அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க முயன்றார். அவரது வேட்டை நூல் 1854இல் வெளிவந்தது. அதிற் கூறப்படும் துப்பாக்கிகளுள் ஒன்று அவரே திட்டமிட்டு 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துப்பாக்கிக் கம்மியரைக் கொண்டு செய்வித்தது: 21 இறாத்தல் எடை, ஒரு வெடிக்கு 16 திறாம் மருந்து. தன் உடலுக்கும் தன் இரைக்கும் ஏற்பத் துப்பாக்கியைத் தனியே அமைப்பித்துக்கொள்ளும் வழக்கம் நுவரெலியாவிற்குத் தேயிலை வருமுன்னரே வந்துவிட்டது. அந்த 21 இறாத்தலைக் காடெங்கும் சுமந்து சென்ற தோள்கள் யாருடையவை என்பதை ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

கோப்பி நோய் 1869இல் தோன்றியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் 1867இற் பயிரிட்ட 19 ஏக்கர்த் தேயிலை அடுத்த இருபது ஆண்டுகளில் மலைகளை மூடியது. யானைக் காடு அழிந்தது. வேட்டைக்காரனாகிய வெள்ளையன் தோட்ட முகாமையாளனானான். அவனது துப்பாக்கியும் தனியொருவனின் பொழுதுபோக்கிலிருந்து வர்க்கமொன்றின் நிறுவனத்துக்குள் நகர்ந்தது. 1900ஆம் ஆண்டு இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை அமைக்கப்பட்டது. தலைமையகம் கண்டி, உறுப்பினர் ஐரோப்பியத் தோட்டத்துரைமார். அதே ஆண்டில் தென்னாபிரிக்காவிற் பிடிபட்ட போயர் கைதிகளுக்கென தியத்தலாவையில் முகாம் அமைக்கப்பட்டு ஏறக்குறைய 5,000 பேர் அங்கே அடைக்கப்பட்டனர். இவ்விரண்டும் ஒரே போரின் விளைவுகள். தொலைவிலிருந்து குறிதவறாது சுடும் விவசாயிகளிடம் பேரரசின் ஒழுங்குப் படைகள் பட்ட அடி, சாதாரணக் குடிமகனும் குறிபார்க்கக் கற்கவேண்டும் என்ற பதற்றத்தை இலண்டனிலே தோற்றுவித்திருந்தது.

அப்பதற்றத்தின் குழந்தையே உள்ளகக் குறிப்பயிற்சி. 1901இல் பிரித்தானியாவில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதன் முதற் பெயர் தொழிலாளர் றைபிள் கழகங்களின் சங்கம். பின்னர் அது சிறு றைபிள் கழகங்களின் சங்கம் எனப் பெயர் மாறியது. தளபதி றொபேட்ஸ் பிரபு அதற்குப் பெருந்துணையாக நின்றார். மதுச்சாலைகளிலும் தொழிற்சாலைக் கொட்டகைகளிலும் மாலை வேளைகளில் ஆங்கிலத் தொழிலாளர் சுட்டுப் பழகினர். பேரரசு தன் சொந்த நாட்டுத் தொழிலாளியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அவனைத் தேசத்தின் காவலன் என்றது. குடியேற்ற நாட்டுத் தொழிலாளிக்கு எதிரே துப்பாக்கியோடு முதலாளியை நிறுத்தியது. பர்மிங்காம் தொழிலாளியும் பொகவந்தலாவைத் தொழிலாளியும் ஒரே மூலதனத்துக்கு உழைத்தனர் என்பதை முதலாமவன் காணாதிருக்கச் செய்த வழிகளுள் இதுவும் ஒன்று எனலாம்.

இனித் தொழில்நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். போர்த் துப்பாக்கியை வீட்டுக்குள்ளே சுட முடியாது. அதன் குண்டு ஒரு மைலுக்கும் அப்பாற் செல்லும். தோட்டாவின் விலையும் அதிகம். இச்சிக்கலைத் தீர்க்க றிச்சட் மொறிஸ் என்பவர் 1880களில் ஒரு குழாயை உருவாக்கினார். பெரிய துப்பாக்கியின் குழலுக்குள்ளே சிறு துளையுள்ள மெல்லிய குழலொன்றைச் செருகி இறுக்குவதே அவரது முறை. தோளில் இருப்பது அதே துப்பாக்கி; அதே எடை, அதே விசை, அதே குறிகள்; வெடிப்பது மட்டும் மலிவான சிறு தோட்டா. மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளிலும் பின்னர் வந்த .303 துப்பாக்கிகளிலும் இது பொருத்தப்பட்டது. அதன் பின் .22 அளவுக் குழலோடு துப்பாக்கிகளே மாற்றியமைக்கப்பட்டன. 25 யார் தூரத்தில் குறியைச் சிறிதாக வரைந்து வைத்தால், சுடுபவன் கண்ணுக்கு அது நூற்றுக்கணக்கான யார் தொலைவிலுள்ள மனிதனின் அளவாகவே தெரியும். தூரம் சுருக்கப்படுகின்றது; கை, கண், மூச்சு ஆகியவற்றின் பழக்கம் சுருங்குவதில்லை.

அக்காலப் பயிற்சிக் குறிகளுள் ஒருவகை எமது கவனத்தை ஈர்க்கின்றது. நிலக்காட்சிக் குறி என அதனைக் கூறலாம். வேலி, வயல், மரத்தோப்பு, பண்ணை வீடு, தேவாலயக் கோபுரம் எனத் தீட்டப்பட்ட ஓர் ஆங்கிலக் கிராமத்தின் ஓவியம் அறையின் கோடியில் தொங்கும். கட்டளையிடுபவன் கோபுரத்துக்கு இடப்புறம் இவ்வளவு எனச் சொல்ல, வரிசையில் நிற்போர் அவ்விடத்தைச் சுடுவர். இயற்கைக் காட்சி என்பது இரசனைக்குரியது மட்டுமன்று, அது பார்ப்பவனின் அதிகாரத்தையும் கொண்டது என்று நாம் இலக்கியத் திறனாய்வில் வாதிடுவதுண்டு. அவ்வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? பங்களா விறாந்தையிலிருந்து பார்க்கும் துரைக்கு மலைச்சரிவு பச்சைத் திரையொன்றாகத் தெரிகின்றது. அதிலே நகரும் கொழுந்தெடுப்போர் புள்ளிகளாகத் தெரிகின்றனர். தொலைவைச் சுருக்கி, மனிதனை அளவாக்கிப் பார்க்கும் பார்வை இரண்டிற்கும் பொது.

மலைநாட்டின் வானிலையும் இப்பயிற்சிக்குச் சாதகமாயிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹற்றன் பகுதியை நனைக்கின்றது. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கின்றது. பிற்பகலிற் பனிமூட்டம் இறங்கினால் நூறு யாருக்கு அப்பால் எதுவும் தெரியாது. அவ்வேளையில் துரைமாருக்குக் கூரையின் கீழே குறி தேவைப்பட்டது. அதே மழையிலே கொழுந்து எடுத்தோர் கம்பளியைத் தலையிற் போட்டுக்கொண்டு வேலை செய்தனர். அக்கம்பளியின் விலை தொழிலாளியின் பற்றுக் கணக்கில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்படுவது வழக்கமாயிருந்தது. கம்பளி இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

இங்கு ஓர் எளிமைப்படுத்தலைத் தவிர்க்கவேண்டும். தோட்டம் துப்பாக்கி முனையில் ஆளப்பட்டது எனச் சொல்வது உணர்ச்சிக்கு இதமானது, வரலாற்றுக்குப் பொருந்தாது. நாளாந்த ஆட்சியை நடத்தியவை வேறு: கங்காணியின் கடன், துண்டு முறை, லயத்தின் அமைப்பு, வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கிய 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், அத்துமீறிப் பிரவேசித்தல் பற்றிய சட்டம். கோ. நடேசையர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் எனக் கூறப்படுவது இந்த அத்துமீறல் சட்டத்தின் காரணமாகவே. இத்தனை வேலிகள் இருக்கத் துரைக்குக் குறிப்பயிற்சி எதற்கு? வேலிகள் அனைத்தும் ஒரே நாளில் சரியும் சந்தர்ப்பத்துக்கென வைத்திருந்த சேமிப்பு அது என்பது ஒரு விடை. மற்றொன்று, நமக்கு இன்னும் முக்கியமாகப் படுவது: சிதறிய பங்களாக்களில் தனித்து வாழ்ந்த சில நூறு வெள்ளையரை ஒரே சீருடையும் ஒரே அணிவகுப்பும் ஒரே குறிப்பலகையும் ஒரு வர்க்கமாகத் தம்மை உணரச் செய்தன. சுடுவதைவிடச் சேர்ந்து சுடுவது பெரிது.

சேமிப்பு செலவழிக்கப்பட்ட சந்தர்ப்பங்களும் உள்ளன. 1914 ஒக்ரோபரில் படையினர் 200க்கும் மேற்பட்டோர் எகிப்துக்குச் சென்று சுயெஸ் கால்வாயைக் காத்தனர். 1915இல் கலிப்பொலியில் தளபதி பேர்ட்வூட்டின் மெய்க்காவலராயினர். அதே 1915இல் கண்டியிலும் கம்பளையிலும் தொடங்கி முஸ்லிம் மக்களைப் பேரழிவுக்குள்ளாக்கிய கலவரம் மூண்டபோது, ஆளுநர் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். பஞ்சாபிப் படையினரோடு ஐரோப்பியத் தொண்டர் படையினரும் களமிறக்கப்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பற்றிப் பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையிற் குரலெழுப்பினார். 1916இல் நூலும் வெளியிட்டார். முஸ்லிம்கள் பட்ட இழப்பை அவரது வாதம் போதிய அளவு கருதவில்லை என்ற குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. இலங்கையின் சுடுகலச் சட்டம், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், இந்நிகழ்வுகளுக்கு மறு ஆண்டில் வந்தது. துப்பாக்கி வைத்திருப்பதற்கு அரசின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அனுமதி எவருக்கு எளிதிற் கிட்டியிருக்கும் என்பதை அக்காலச் சமூக அமைப்பே சொல்லும்.

தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் நுழைந்த பின்னர்த் துப்பாக்கி வெளிப்படையாக வந்தது. துரையின் கையிலன்று, அரசின் கையில். 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு முன்னே அவரது மனைவி சார்பில் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா தோன்றினார். அவ்விவகாரத்தையொட்டிப் பொலிஸ் மாஅதிபரின் அதிகாரம் பற்றி எழுந்த பிணக்கில் மந்திரிசபையே பதவி துறக்கும் நிலை வந்தது. அதே ஆண்டில் தோட்டத்துரைமார் சங்கத்துக்கும் தொழிற்சங்கங்களுக்குமிடையே ஏழு அம்ச ஒப்பந்தம் கைச்சாத்தானது. துரைமார் படையோ 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது கலைக்கப்பட்டது. அரசு முழுமையான பின்னர் தனியார் சேமிப்புக்குத் தேவையில்லை அல்லவா?

படை கலைந்தது, பழக்கம் கலையவில்லை. வெள்ளைத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். உள்நாட்டுத் துரைமார் பங்களாக்களுக்கு வந்தனர். சுவரிலிருந்த பெருந்துப்பாக்கிக்குப் பதிலாகக் காற்றுத் துப்பாக்கி வந்தது. பர்மிங்காம் சிற்றாயுத நிறுவனம் லிங்கன் ஜெஃப்ரிஸின் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமையைக் கொண்டு 1905 முதல் காற்று றைபிள்களைச் செய்துவந்தது. அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்துப் பிளிமத் நகரிலோ, காற்றாடி செய்த இரும்பு நிறுவனமொன்று 1888இல் காற்றாடி வாங்கும் விவசாயிகளைக் கவரச் சிறு காற்றுத் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது. துப்பாக்கி விற்ற வேகத்தில் காற்றாடி மறக்கப்பட்டது. டெய்சி என்ற பெயரால் உலகெங்கும் பரவிய பீ.பீ. றைபிள் அதுவே. பீ.பீ. என்பது வேட்டைச் சன்னத்தின் அளவொன்றைக் குறிக்கும் குறியீடு. முதலில் ஈயக் குண்டு. 1920களுக்குப் பின் உருக்குக் குண்டு. குண்டு ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர் விட்டமும் ஒரு கிராமில் மூன்றிலொரு பங்கு எடையும் உடையது. குழலினுள்ளே சுருட்பள்ளம் இல்லை. எங்கெல்ஸ் விளக்கிய முன்னேற்றமெல்லாம் இல்லாத, நூறாண்டு பின்தங்கிய வழுவழுப்பான குழல் இது.

இத்தகைய துப்பாக்கி ஒன்றைப் பற்றி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையின் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எமக்குக் கூறியவற்றை இங்கே சற்று விரிவாகப் பதிவு செய்கின்றோம். அவர் பெயரை வெளியிட விரும்பவில்லை. நாம் உரைஞர்களின் பாடல்களைச் சேகரிக்கச் சென்றிருந்தோம். அவருக்குப் பாடல் எதுவும் தெரியவில்லை. ரோதைகளைப் பற்றியே பேசினார்.

துரையின் பையன் விடுமுறைக்கு வந்திருந்தபோது பங்களா உள்விறாந்தையில் சுட்டுப் பழகினான். துப்பாக்கி புதிதன்று, குண்டு எங்கெங்கோ சென்றது. பிட்டரைக் கூப்பிட்டனுப்பினர். அவர் அதனைப் பிரித்துப் பார்த்தார். நெம்பைக் கீழே இழுத்தால் உள்ளேயுள்ள சுருள்வில் அமுங்கும். விசையைத் தட்டினால் வில் விரிந்து ஆடுதண்டைத் தள்ளும். ஆடுதண்டின் முகத்திலுள்ள தோல் வளையம் காற்றைக் கசியவிடாமல் அமுக்கும். அமுங்கிய காற்று குண்டைத் தள்ளும். தோல் உலர்ந்து சுருங்கியிருந்தது. தொழிற்சாலையின் உருளை இயந்திரங்களை ஓட்டும் தோற்பட்டியில் தேய்ந்து கழித்த துண்டொன்றிலிருந்து அவர் புதிய வளையம் வெட்டினார்; ஓரிரவு எண்ணெயில் ஊறவைத்து, வட்டமாகக் கடைந்த மரக்கட்டையில் அழுத்திக் கிண்ண வடிவாக்கினார். எண்ணெய் மிகுந்தாலும் குற்றம், வேகம் ஒவ்வொரு வெடிக்கும் மாறும் என்றார்.

வில்லை இழுத்து நீட்டினால் பலம் வருமென்று துரை சொன்னாராம். பிட்டர் அதற்கு உடன்படவில்லை. "பலம் வேணாங்க. ஒரே மாதிரி வரணும். அதுதாங்க வேணும்," என்றார் எம்மிடம். உள்ளகப் பயிற்சியின் தத்துவம் முழுவதும் இந்த வாக்கியத்தில் அடங்கியுள்ளது. ஆறேழு யாருக்குள் சுடுவதற்கு வேகம் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் தேவை. ஆகவே அவர் வில்லின் முனைகளைத் தட்டையாக அரத்தால் தேய்த்து, சாயாமல் உட்கார வைத்தார். குண்டு செல்லும் உட்குழல் வெளிக்குழலுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. தேயிலைப் பெட்டியின் உள்ளே ஒட்டும் ஈயத்தாளிற் சிறு பட்டை வெட்டி முனையிற் சுற்றி ஆட்டத்தை நிறுத்தினார். விசையின் கொக்கியை நுண்ணிய எண்ணெய்க் கல்லில் தேய்த்து வழுவழுப்பாக்கினார். கூடத் தேய்த்தால் தானாக வெடித்துவிடும் என்பதால் மூன்று நாள் சிறிது சிறிதாக. பித்தளைத் தகட்டில் துளையிட்டு அதனூடாகக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். சாய்த்த கண்ணாடியில் உருட்டினார். நேராக உருளாமல் விலகுபவை நசுங்கியவை, அவை ஒதுக்கப்பட்டன.

குறிகளைத் திருத்துவது கடைசி வேலை. முதலில் ஐந்து குண்டும் ஓரிடத்திற் கூடவேண்டும், அவ்விடம் எங்கிருந்தாலும் சரி. கூடிய பின்னரே அதனை நடுவுக்கு நகர்த்தலாம். கூடாததை நகர்த்துவது வீண். குண்டு வலப்புறம் விழுந்தால் பின்குறியை இடப்புறம் தள்ளவேண்டும். தாழ விழுந்தால் முன்குறியின் நுனியை அரத்தால் ஒரு மயிரளவு குறைக்கவேண்டும். முன்குறி தாழ்ந்தால் குழல் உயரும். குறைத்ததைப் பின்னர் கூட்ட முடியாது என்பதால் இதிலேதான் பொறுமை வேண்டும். அமைப்பியல்வாதிகளைப் பயிலும் நம் மாணவர் சிலருக்கு இப்பெரியவரை ஆசிரியராக்கலாமோ என்று தோன்றியது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்குத் தராசு நினைவுக்கு வந்தது. ஒரு மயிரளவுப் பிழையைத் திருத்தும் அறிவும் கருவியும் அத்தொழிற்சாலையில் இருந்தன. கொழுந்து நிறுக்கும்போதோ கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் இறாத்தற் கணக்கில் வெட்டப்பட்டது. எந்த அளவை துல்லியமாக இருக்கவேண்டும் என்பதும் வர்க்கத்தாலே தீர்மானிக்கப்படுகின்றது.

குறிப்பலகை எவ்வாறு அமைந்தது? உருக்குக் குண்டு கடினமான பொருளிற் பட்டால் ஏறக்குறைய வந்த வேகத்தோடு திரும்பும். கண்ணிற் பட்டால் பார்வை போகும். முதல் நாளே ஒரு குண்டு சுவரிற் பட்டுத் திரும்பி விளக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டது. பிட்டர் ஒரு பழைய தேயிலைப் பெட்டியைச் சாய்த்து வைத்து அதனுட் கழிவுத்தூளை நிரப்பினார். அதன் முன்னே கம்பளியொன்றைத் தளர்வாகத் தொங்கவிட்டார். இறுக்கிக் கட்டிய துணி குண்டைத் திருப்பி எறியும். தளர்ந்து தொங்கும் துணி வேகத்தை உண்டு குண்டைக் காலடியில் உதிர்க்கும். கம்பளியின் மேல் அஞ்சலட்டையளவு குறி குத்தப்பட்டது. பங்களாவில் கம்பளி இருக்கவில்லை. லயத்திலிருந்து ஒன்று கொண்டுவரப்பட்டது. யாருடையது என்று கேட்டோம். "எங்க வீட்டுதுதாங்க," என்றார். அதற்கு விலை கிடைத்ததா என்று நாம் கேட்டபோது சிரித்தார்.

அவர் அத்துப்பாக்கியாற் சுட்டதுண்டா என்பது நம்முள் ஒருவரின் கேள்வி. திருத்தியபின் சரிபார்ப்பதற்கென்று கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேளையில் சுடுவாராம். வாட்டுத் தட்டுகளின் நடுவே நீண்ட நடைபாதை, கோடியில் பெட்டி. பதினைந்து அடியில் அவரது ஐந்து குண்டும் பழைய ஐந்து சதக் காசொன்றுக்குள் அடங்கியதாம். மறுநாள் பங்களாவில் பையன் சுட்ட அட்டையைத் துரை விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். விட்வேர்த்தின் பட்டுக் கயிறு டிக்கோயாவிலும் இருந்தது.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பத்து மீற்றர்க் காற்று றைபிள் போட்டி சேர்க்கப்பட்டது. கூரையின் கீழே குறிபார்த்தல் அதன்பின் உலகறிந்த விளையாட்டு. திறமையை நாட்டம் தேடும் வழிகள் பலவாயினும், பதினைந்து அடியில் ஐந்து குண்டை ஐந்து சதத்துள் அடக்கிய கைக்கு எந்தக் கழகத்தின் கதவும் திறந்திருக்கவில்லை.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், துப்பாக்கி பங்களாவின் பொருட்களோடு பொருளாக அங்கேயே இருந்தது. 1977இல் நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தனர். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். டெவன் பெரியவரின் தோட்டத்திலிருந்து வெகுதூரமில்லை. அவரது உறவினர் சிலர் ஊர்வலத்தில் நடந்தனர்.

அதற்குச் சில மாதங்களின் பின் பங்களாவிலிருந்து துப்பாக்கி மீண்டும் திருத்தத்துக்கு வந்தது. புதிய துரைக்கும் மழைக்காலம் நீண்டதாயிருந்தது போலும். வில் முறிந்திருந்தது. பிட்டர் அதனைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இதற்கேற்ற வில் கொழும்பிலும் கிடைக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். கடைசல் இயந்திரத்தில் கம்பியைச் சுற்றி வில் செய்யத் தெரிந்தவர் அத்தோட்டத்தில் அவர் ஒருவரே என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நாம் விடைபெறும்போது அவர் தகரப் பெட்டியைத் திறந்தார். சேவைக்கால அட்டை, பேத்தியின் பள்ளிக்கூடப் படம், ஓர் எண்ணெய்க் கல். அவற்றின் அடியில் மெழுகுத் தாளிற் சுற்றி, கிறீஸ் பூசிய சுருள்வில் ஒன்று இருந்தது. முனைகள் இரண்டும் தட்டையாக அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தன. பழைய துரையின் காலத்திலேயே, இனி முறிந்தால் உதவும் என்று சுற்றி வைத்ததாம். அதை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை அமுக்கிக் காட்டிவிட்டு, மீண்டும் தாளிற் சுற்றினார்.